சால்ஸ்பர்க்குக்குப் போகாத மிளகாய்த்தூள்

2025 ஜூலையில் ஸ்கொட்லாந்தின் டேர்ன்பெரியில் ட்ரம்பைச் சந்தித்த ஐரோப்பிய ஆணைக்குழுத் தலைவர் வொன் டெர் லயன், ஐரோப்பியப் பொருட்களுக்கு அமெரிக்கா போடும் 15 வீத இறக்குமதி வரிக்கு ஒப்புக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து ஐரோப்பாவில் அதே பேச்சுத்தான். கோபம் நியாயமானது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் தங்களுக்குள்ளே எழுப்பி வைத்திருக்கும் சுவர்களைப் பற்றி அதில் கால்வாசிகூடப் பேச்சில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

என் நண்பர் ஒருவர் தெற்கு ஜேர்மனியில் மிளகாய்த்தூள் வறுத்து அரைத்து, பைகளில் அடைத்து ஒன்லைனில் விற்கிறார். போன மாதம் போனபோது சமையலறை மேசையில் தூளைவிடக் கடதாசிதான் அதிகம். பொதி செய்யும் பை ஒருநாள் குப்பையாகும், அதற்கு முன்கூட்டியே காசு கட்ட வேண்டும். சரி, அது தேவையான சட்டம். ஜேர்மனியில் பதிந்து கட்டிவிட்டார். பாரிஸில் இருந்து ஓடர் வந்தால் பிரான்ஸில் தனியாகப் பதிய வேண்டும், பையில் குப்பையைத் தரம்பிரிப்பதற்கான அவர்களுடைய ட்ரிமான் சின்னம் போட வேண்டும். ஆஸ்திரியாவுக்கு என்றால் இன்னும் கடினம். 2023 முதல் அங்கே ஒரு பிரதிநிதியை நியமித்து, அதற்கான அதிகாரப் பத்திரத்தை நொத்தாரிசிடம் உறுதிப்படுத்த வேண்டும். அதே யூரோ, அதே ஜேர்மன் மொழி, அதே லேபிள். "அண்ணை, தூள் அரைக்க ஒரு நாள், இதுக்கு ஒரு கிழமை" என்றார்.

பெரிய கம்பனிக்கு இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நசுங்குவது இவரைப் போன்றவர்கள்தான்.

சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கில், இந்த உள்தடைகள் பொருட்களுக்குச் சுமார் 45 வீதமும் சேவைகளுக்கு 110 வீதமும் தீர்வை போட்டதற்குச் சமம். இதை எடுத்துச் சொன்னவர் மரியோ ட்ராகி, ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவர். ட்ரம்பின் 15 எங்கே, இது எங்கே?

செய்ய முடியாத காரியமும் இல்லை. வற் வரியில் செய்து காட்டியிருக்கிறார்கள். 2021 ஜூலை முதல் ஒன்லைன் வியாபாரி ஒரே நாட்டில் பதிந்து, ஒரே படிவத்தில் மற்ற 26 நாடுகளுக்குமான வரியைக் கட்டலாம். பணத்தை அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். குப்பைக் காசுக்கும் இதே வழி ஏன் இல்லை? 2026 ஆகஸ்டில் நடைமுறைக்கு வரும்படி செய்த புதிய பொதி விதிமுறை லேபிளை ஒன்றாக்குகிறது, அதுவும் 2028இல்தான். நாட்டுக்கு நாடு பதிவது அப்படியே இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸில் இப்போது எளிமையாக்கல் என்ற பெயரில் வேறொன்று நடக்கிறது. தொழிலாளர் உரிமையையும் சுற்றுச்சூழலையும் விநியோகச் சங்கிலி முழுவதும் கண்காணிக்கச் சொன்ன சட்டத்தை ஒத்திப்போட்டார்கள், பிறகு வெட்டினார்கள். டாக்காவுக்கு அருகே 2013இல் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைத்தால் எனக்கு இது பொறுக்கவில்லை. அந்தச் சட்டம் இருக்கட்டும், இன்னும் கடுமையாகவே இருக்கட்டும். ஒரே சட்டத்துக்கு 27 படிவம் கேட்பதைத்தான் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் ஏதோவொரு தலைநகரில் ஏதோவொரு அலுவலகம் தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

நண்பர் ஆஸ்திரியாவைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். சால்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு அக்கா, எல்லைக்கு இந்தப் பக்கம் ஃப்ரைலாசிங்கில் தெரிந்தவர் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்லி, ரயிலேறி வந்து தன் இரண்டு கிலோ தூளை எடுத்துக்கொண்டு போகிறார்.