வக்கீலிடம் தனியாகப் பேசுங்கள்

மதுரையில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் வக்கீல்களிடம் பல ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற தடை குமாஸ்தாவுக்கும் உண்டு என்பதால், எந்த வழக்கின் கதையையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

வழக்கில் சிக்கியவர் தன் வக்கீலிடம் எவ்வளவு உண்மை சொல்லலாம் என்று கேட்டால், அவர் கேட்பதற்கெல்லாம் முழு உண்மையைச் சொல்லுங்கள் என்பதே என் பதில். ஆனால் அதை யார் முன்னிலையில் சொல்வது என்பதைத்தான் நம் பக்கத்தில் யாரும் யோசிப்பதில்லை. மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வருகிறவர் தனியாக வருவது அபூர்வம். சித்தப்பா, மச்சான், ஊர்ப் பெரியவர், கூடவே ஒரு கவுன்சிலர் என்று நாற்காலிகள் நிறைந்துவிடும். பேசுவதெல்லாம் சித்தப்பா, எஃப்.ஐ.ஆரில் பெயர் உள்ளவர் கதவோரம் நின்று தலையாட்டுவார். அத்தனை பேர் முன்னால், ஊரில் ஏற்கெனவே சொல்லிவைத்த கதையை மாற்றிச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வரும்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 132ஆம் பிரிவு, கட்சிக்காரர் தொழில் முறையில் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்கிறது. 1872ஆம் ஆண்டின் பழைய சாட்சியச் சட்டத்தில் இது 126ஆம் பிரிவாக இருந்தது. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் பலருக்கு வியப்பாக இருக்கும்: "நான் போலி ஆவணம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று ஒருவர் வக்கீலிடம் சொன்னால், அந்தப் பேச்சுக்கும் பாதுகாப்பு உண்டு, ஏனெனில் குற்றவாளி என்று தெரிந்தவருக்காக வாதாடுவது குற்றச் செயல் அல்ல. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு உதவி கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. சாட்சியை மிரட்ட யோசனை கேட்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வக்கீலைக் கட்டும் இந்தத் தடை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட சித்தப்பாவைக் கட்டாது. பங்காளிச் சண்டை எப்போது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஆனால் வெளியாரிடம் தானாக ஒப்புக்கொண்டதை அரசுத் தரப்பு சாட்சியமாகக் கொண்டுவர முடியும். குற்றம் சாட்டப்பட்டவர் கிராம நிர்வாக அலுவலரிடம் தாமாகவே ஆஜராகி ஒப்புக்கொண்டதாக எழுதப்பட்ட குற்றப்பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் புரியும். (மனைவியிடம் சொன்னதற்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு, மச்சானுக்கு அது நீளாது.)

பொய்யால் நேரும் சேதம் பெரும்பாலும் அடிதடி வழக்குகளில்தான் வெளிப்படும். தன்னை வெட்ட வந்தவரைத் தடுக்கும்போது திருப்பி அடித்த ஒருவருக்குத் தற்காப்பு உரிமை இருக்கிறது. அவரோ பயந்துபோய், "அன்றைக்கு நான் ஊரிலேயே இல்லை" என்று வக்கீலிடம் சொல்லிவிடுகிறார். அதை நம்பி வக்கீல் குறுக்கு விசாரணையை நடத்திய பிறகு, கப்பலூர் டோல்கேட் கேமராவோ செல்போன் டவர் விவரமோ அவர் இங்கேதான் இருந்தார் என்று காட்டிவிட்டால், அதன் பிறகு தற்காப்பு என்று சொல்வதை யார் நம்புவார்? பெரியாஸ்பத்திரியில் அவர் கைக்காயத்துக்குக் கட்டுப் போட்டபோது டாக்டர் எழுதிய விபத்துப் பதிவேடு, உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கே சாட்சியாக நின்றிருக்கும். பழைய வழக்குகளை மறைப்பதும் வீண் வேலை. ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாளில் போலீஸ் தரப்பே அந்தப் பட்டியலை நீட்டும். அதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்கும் வக்கீலால் என்ன பதில் சொல்ல முடியும்?

"செய்தாயா இல்லையா என்று என்னிடம் சொல்லாதே" என்கிற வக்கீல்களும் இருக்கிறார்கள். பொய் என்று தெரிந்த சாட்சியத்தை நீதிமன்றத்தில் வைக்க அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதால், வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பது அவர் தொழில். கேட்டதற்குப் பொய் சொல்லாமல் இருப்பதும், கேட்காத கதையை வாட்ஸ்அப் குரல் பதிவில் அனுப்பாமல் இருப்பதும் கட்சிக்காரரின் பொறுப்பு.

அரசரடி மத்திய சிறையில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. காவலில் இருப்பவர், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச வக்கீலைக் கேட்கலாம். அவர் அரசாங்கத்து ஆள், சொன்னதைப் போலீஸிடம் சொல்லிவிடுவார் என்று பலர் அஞ்சுகிறார்கள். 132ஆம் பிரிவு ஃபீஸ் வாங்கும் வக்கீல், வாங்காத வக்கீல் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் பார்க்க வரும்போது நீங்கள் கொஞ்சம் வெளியே நில்லுங்கள்.