ஸ்க்ரூஜைத் தலைகீழாகக் கவிழ்த்த பிளாக்கேடர்

சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பரில் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையை எடுத்துத் தங்கள் நாயகன் தலையில் கட்டிவிட்ட நகைச்சுவைத் தொடர்கள் ஏராளம். ஸ்க்ரூஜ் என்ற கஞ்சன், பேய்கள், விடிந்ததும் மனமாற்றம். என்னைக் கேட்டால், அவற்றில் பெரும்பாலானவை கடைசி ஐந்து நிமிடத்தில் நொண்டிவிடுகின்றன. நொண்டாமல் நிற்பது, 1988 டிசம்பர் 23 அன்று பிபிசியில் வந்த 'பிளாக்கேடர்ஸ் கிறிஸ்துமஸ் கேரல்'. ரிச்சர்ட் கர்ட்டிஸும் பென் எல்டனும் எழுதியது, சுமார் 43 நிமிடம் ஓடும். 'பிளாக்கேடர்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரின் சிறப்புப் பகுதி இது. அதன் ஒவ்வொரு பாகத்திலும் வேறு காலத்தில் வாழும் வேறொரு பிளாக்கேடர் வருவான். நம் ஊரில் மிஸ்டர் பீனாக எல்லோருக்கும் தெரிந்த ரோவன் அட்கின்சன்தான் நாயகன். முடிவு உட்பட முழுக் கதையையும் கீழே பேசியிருக்கிறேன். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிடுங்கள்.

மற்றவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? வாரத் தொடரின் நாயகன் அடுத்த வாரமும் அதே ஆளாக வந்தாக வேண்டும். அவனுடைய பேராசையும் கோபமும்தான் தொடருக்குச் சோறு போடுகின்றன. டிக்கன்ஸின் கதையோ, ஒரு மனிதன் ஒரே இரவில் நிரந்தரமாக மாறுவதைப் பற்றியது. இரண்டையும் சேர்த்தால், டிசம்பரில் அழுது திருந்தியவன் ஜனவரியில் பழையபடி வந்து நிற்பான். பார்க்கிறவருக்கு அது முன்கூட்டியே தெரியும். அதனால் அந்தக் கண்ணீரை நம்ப மனசு வராது.

'ஃபேமிலி டைஸ்' என்ற அமெரிக்கத் தொடர் 1983இல் இதில்தான் மாட்டியது. பணமே குறியான அலெக்ஸுக்கு ஒரு தங்கை இறந்தகாலப் பேயாகவும் இன்னொரு தங்கை எதிர்காலப் பேயாகவும் வருகிறார்கள். அலெக்ஸாக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் பணத்தாசை போய்விட்டால் அலெக்ஸ் என்ற பாத்திரமே இல்லையே! 1980இல் இன்னோர் அமெரிக்கத் தொடரான 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' இன்னும் புத்திசாலித்தனமாக யோசித்தது. வானொலி நிலைய மேலாளர் கார்ல்சன் ஊழியர்களுக்குக் கிறிஸ்துமஸ் போனஸ் தர மறுக்கிறார். ஊழியர் ஒருவரின் பிரௌனியைத் தின்றுவிட்டுப் பேய்களைப் பார்க்கிறார், விழித்ததும் போனஸ் தருகிறார். கார்ல்சன் முதலிலிருந்தே நல்ல மனிதர்தான், அந்த ஒரு முடிவு மட்டும் மாறுகிறது. மாற்றத்தின் அளவைச் சுருக்கிவிட்டதால் அடுத்த வாரத்துக்கும் பங்கமில்லை. எதிர்காலக் காட்சியில், எல்லாம் இயந்திரமயமாகிவிட்ட நிலையத்தில் ஒரே ஓர் ஆள் மிச்சமிருப்பது இன்றைக்குப் பார்த்தாலும் உறைக்கும்.

பிளாக்கேடர் பிடித்த வழி முற்றிலும் வேறு. நமக்குத் தெரிந்த பிளாக்கேடர்கள் எல்லோரும் நயவஞ்சகர்கள், நாக்கில் விஷம் உள்ளவர்கள். விக்டோரியா காலத்து எபனேசர் பிளாக்கேடர் மட்டும் இங்கிலாந்திலேயே நல்லவன். மீசைக் கடை நடத்துகிறான். ஒவ்வொருவராக வந்து அவன் பணத்தையும் பண்டத்தையும் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். டிக்கன்ஸின் நோஞ்சான் சிறுவன் டைனி டிம் இங்கே டைனி டாம். 15 ஸ்டோன், அதாவது 95 கிலோ எடையுள்ள தடியன். அவன் பெயரைச் சொல்லித்தான் அவன் அம்மா அழுது காரியம் சாதிக்கிறாள். அன்றிரவு பேய் வருகிறது, எபனேசர் கெட்டவனாக மாறுகிறான். அதாவது, நமக்கு ஏற்கெனவே தெரிந்த பிளாக்கேடராக மாறுகிறான். மற்ற தொடர்களில் மனமாற்றம் பாத்திரத்தைக் கலைக்கிறது. இங்கே மனமாற்றம்தான் பாத்திரத்தை அதன் இடத்தில் கொண்டுவந்து வைக்கிறது. இவ்வளவு சுத்தமான தீர்வை வேறு எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

பேய்களையும் எவ்வளவு கவனமாகக் குறைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஹாரி பாட்டர் படங்களில் ஹாக்ரிட்டாகப் பிற்பாடு புகழ்பெற்ற ராபி கோல்ட்ரேன், ஒரே ஆவி. திருத்த வரவில்லை, நல்லவனைப் பாராட்டிவிட்டுப் போக வருகிறது. பேச்சுவாக்கில் முன்னோர்களைக் காட்டுகிறது, அங்கேதான் வினை தொடங்குகிறது. எலிசபெத் காலத்தில் ராணியின் தயவுக்காக அரசவைப் பிரபு மெல்ச்செட்டோடு மோதி ஜெயிக்கிற பிளாக்கேடர். அடுத்து, ஹியூ லாரி நடித்த அசட்டு இளவரசனிடம் பரிசுகளைக் கறக்கிற பிளாக்கேடர். ஒவ்வொரு தொடரும் வேறு நூற்றாண்டில் நடந்ததால், இறந்தகாலம் இவர்களுக்குக் கைவசம் தயாராகவே இருந்தது. நிகழ்காலத்தைக் காட்டும் ஆவியே தேவைப்படவில்லை, கடையில் நடந்த சுரண்டலை முதல் பகுதியிலேயே பார்த்துவிட்டோம்.

டிக்கன்ஸின் உள்கட்டுமானத்தை இவர்கள் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சாட்சி. மூலக்கதையில் ஸ்க்ரூஜ் உபதேசத்தால் திருந்துவதில்லை, கணக்கால் திருந்துகிறான். பழைய முதலாளி ஃபெஸிவிக் நடத்திய விருந்துக்கு மூன்று நான்கு பவுன்தான் செலவாகியிருக்கும் என்று ஆவி சொல்லும்போது, தன் குமாஸ்தா கிராட்சிட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்போல் ஸ்க்ரூஜுக்குத் தோன்றுகிறது. அந்தக் கிராட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷில்லிங், ஒரு பவுன்கூட இல்லை. கண்ணால் கண்டதை எடைபோட்டு முடிவுக்கு வருகிற மனம் அது. எபனேசரும் அப்படியே எடைபோடுகிறான். நல்லவனாகவே இருந்தால் எதிர்காலத்தில் தன் வேலையாள் பால்ட்ரிக்கின் வாரிசு ஆள்வான், தன் வாரிசு அடிமையாக நிற்பான். கெட்டவனானால் எல்லாம் நேரெதிர். இதைப் பார்த்தபின் எவன் நல்லவனாக இருப்பான்? அதே தர்க்கம்தான், விடை மட்டும் வேறு.

எதிர்காலப் பகுதிதான் இதில் பலவீனம். உடையலங்காரத்தின் சத்தம் அதிகம், பழகிய பாத்திரங்களின் சுவை அங்கே இல்லை. நல்லவேளை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

ஆனால் கடைசித் திருப்பம்! கெட்டவனாகிவிட்ட காலையில், மாறுவேடத்தில் வந்த விக்டோரியா ராணியையும் அவர் கணவர் ஆல்பர்ட்டையும் யாரென்று தெரியாமல் திட்டி விரட்டுகிறான். நாட்டின் நல்ல மனிதனுக்கு 50,000 பவுனும் பிரபு (பாரன்) பட்டமும் தரத்தான் அவர்கள் வந்தார்கள். இதை வெட்டியிருந்தால் 'கெட்டவன் பிழைப்பான்' என்ற மலிவான பகடியாக முடிந்திருக்கும். இருந்ததால், ஆவி காட்டிய கணக்கும் முழுக்கணக்கு இல்லை என்றாகிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் நேராக இதற்குள் இறங்க வேண்டாம். இரண்டாம் தொடரின் முதல் எபிசோடான 'பெல்ஸ்', மூன்றாம் தொடரின் முதல் எபிசோடான 'டிஷ் அண்ட் டிஸ்ஹானஸ்டி' இரண்டையும் முடித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொன்றும் அரைமணி நேரம்தான். ராணி யார், மெல்ச்செட் யார், இளவரசன் எவ்வளவு பெரிய அசடு என்று தெரிந்திருந்தால்தான், முன்னோர்களைப் பார்த்து எபனேசரின் முகத்தில் மெல்ல மெல்ல வருகிற அந்தப் பெருமிதம் முழுசாகப் பிடிபடும்.