மாலை போட்டால் விடத் தெரிகிறதே?

"மாலை போட்டால் 41 நாள் சொட்டுக்கூடத் தொடமாட்டான். அப்படியென்றால் மற்ற நாளில் திமிரெடுத்துத்தானே குடிக்கிறான்?" என்று என் சித்தப்பாவைப் பற்றிப் பாட்டி சொல்லும்போதெல்லாம், அந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை.

குடியை நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்தியபடியே இருப்பது வேறு வேலை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. விரத காலத்தில் ஊரே "சாமி" என்று அழைக்கிறது, குடிக்கூட்டாளிகள் தாமாக ஒதுங்குகிறார்கள், முடியும் நாளும் முன்கூட்டியே தெரியும். மாலையைக் கழற்றியதும் இந்தக் காவல் முழுவதும் விலகிவிடுகிறது. சம்பள நாளும் கடைக்குப் போகும் வழியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சில ஆண்டுகளில் மாலையும் போட முடியாமல் போயிற்று, ஏனெனில் விடியும்போதே கை நடுங்கியது, அதை அடக்கவே அவருக்கு முதல் கட்டிங் தேவைப்பட்டது. மது மூளையின் பரபரப்பை அமர்த்துகிறது. நாள்தோறும் அமர்த்தப்படும் மூளையோ அதை ஈடுகட்டத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென மது நின்றால் கூட்டிய வேகம் மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு, அதன்பின் இல்லாத பூச்சிகளைக் கண்டு அலறும் சித்தக் குழப்பம் என்று அது உயிர்போகும் அளவுக்கு முற்றக்கூடும். ஆகவே கடுமையாகக் குடித்தவரை அறையில் பூட்டி வைப்பது ஆபத்து; அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதும், பி1 வைட்டமின் ஊசி போடுவதும் மருத்துவமனையில் நடக்கவேண்டியவை.

2020 ஊரடங்கில் கடைகள் மூடப்பட்டபோது, செங்கல்பட்டில் வார்னிஷ் கலவையைக் குடித்தவர்கள் இறந்தார்கள். மருத்துவர் சீட்டுடன் வருபவருக்கு மது தரலாம் என்ற கேரள அரசின் ஆணையை, அங்குள்ள உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2 அன்று நிறுத்திவைத்தது. அது சரியென்றே நினைக்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது சிகிச்சை.

எங்கள் சித்தி ஒருமுறை குடியை நிறுத்தும், "தெரியாமல் கொடுக்கலாம்" என்று விற்கப்பட்ட பொடியைக் குழம்பில் கலந்தார். அதில் என்ன இருந்ததோ, இன்றுவரை தெரியாது. மதுவை உடம்புக்கு ஒவ்வாததாக்கும் டைசல்பிராம் போன்ற மருந்து உள்ளே இருப்பதை அறியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், நோயாளிக்குச் சொல்லாமல் அதைக் கொடுக்கவே கூடாது.

சித்தப்பா பிறகு சிகிச்சைக்குச் சேர்ந்தார், ஓராண்டு தாக்குப்பிடித்தார், ஒரு கல்யாண வீட்டில் சறுக்கினார். இரண்டாம் முறை சேர்க்கப் போனபோது "மறுபடியுமா?" என்று கேட்டுவிட்டேன். சர்க்கரை கூடிப் பலமுறை படுத்த என் அம்மாவிடம் நான் ஒருபோதும் அப்படிக் கேட்டதில்லை.