அடைத்துவிட்ட ஆற்று வாசல்

மூன்று மாதமாகக் காலை நடையின் பாதையை மாற்றிவிட்டேன். மைதானத்தைச் சுற்றுவதை விட்டு, திருமணிமுத்தாற்றங்கரையை ஒட்டிய சந்துகளில் நடக்கிறேன். "அங்கேயா? நாத்தம் தாங்குமா?" என்று கேட்காத நண்பர் இல்லை. நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, சேலத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையும் சாயத் தண்ணீரும் கலந்து கறுத்துப் போகிறது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது கரையில் நிற்கும் சுவர்களைப் பற்றி.

ஆற்றோரத்துப் பழைய வீடுகளைத் தெருப்பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஷட்டர், ஃபிளெக்ஸ், அவ்வளவுதான். ஆற்றுப்பக்கம் வந்து பாருங்கள். ஒரு வீட்டின் பின்சுவரில், கழிவுநீர்க் குழாய்களுக்கு நடுவே, செங்கல் வைத்து அடைத்த வாசல் ஒன்று இருக்கிறது. கதவு போய்விட்டது, நிலையின் மேல்கட்டை மட்டும் சுவருக்குள் அப்படியே நிற்கிறது. ஓர் ஓரத்தைக் கரையான் தின்றுவிட்டது. நடுவில் செதுக்கிய தாமரை மட்டும் தப்பித்திருக்கிறது, விரலால் தடவினால் இதழ் இதழாகத் தட்டுப்படுகிறது. இரண்டு பக்கமும் விளக்கு வைக்கிற மாடக்குழி. ஒன்றைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டார்கள். இன்னொன்றில் எண்ணெய்ப் பிசுக்கும் புகைக் கறுப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொல்லைக் கதவுக்கு யாராவது தாமரை செதுக்குவார்களா? அந்த வீட்டுக்கு இரண்டு முன்வாசல் இருந்திருக்கிறது, ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று ஆற்றைப் பார்த்து.

நான் நின்று பார்ப்பதைக் கவனித்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "என்னங்க தம்பி, செவுத்துல என்ன இருக்குது?" என்றார். காட்டினேன். "அது ஆத்து வாசலுங்க. நான் கல்யாணமாகி வந்தப்ப அது வழியாத்தான் தண்ணிக்கு எறங்குவோம். ஆடிப்பெருக்குக்கு அந்த மாடத்துல வெளக்கு வெப்போம். தண்ணி கெட்டப்புறம் கொசு வருதுன்னு அடச்சுட்டாங்க." அவர் இறங்கிய படிகளில் இரண்டு இன்னும் மண்ணுக்கு மேலே தெரிகின்றன. கருநீலச் சாயல் கொண்ட கல், நடுவில் மட்டும் வழவழவென்று குழிந்திருக்கிறது. எத்தனை பேரின் ஈரக்கால் பட்டால் அந்தக் கல் குழியும்!

இந்தக் கல்லைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சேர்வராயன் மலையில் நிறையக் கிடைக்கும் பாறைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தப் பெயரை வைத்தார். படியில் கிடப்பதும் அந்த இனம்தானா என்று கல் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும், எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சேலத்தின் நெசவுப் பகுதிகளான குகை, அம்மாபேட்டைப் பக்கம் போனால் வேறொன்று கண்ணில் படும். சில பழைய வீடுகளில் ஜன்னல் முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கும். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். பாவின் மேல், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலின் மேல், வெளிச்சம் விழ வேண்டுமென்றால் ஜன்னல் அங்கேதான் இருந்தாக வேண்டும். இப்போது தறி போய்விட்டது, அந்த ஜன்னலில் செருப்பு வைக்கிறார்கள். பாவு விரித்த திடலான பாவடியும் பல இடங்களில் பெயராக மட்டுமே மிச்சம்.

சரி, இதெல்லாம் எதற்கு இப்போது? ஆற்றுக்குக் கரைச்சுவர் கட்டுகிறோம். கட்ட வேண்டியதுதான், மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் நான் நடக்கும் பக்கம் எழுந்திருக்கும் சுவர் நெடுக ஒரே கான்கிரீட். ஒரு படி கிடையாது, குழந்தை எட்டிப் பார்க்க ஓர் இடைவெளி கிடையாது. நூறு மீட்டருக்கு ஓர் இடத்திலாவது படி வைத்தால் என்ன குறைந்துவிடும்? "நாறுற ஆத்துக்குப் படி எதுக்கு?" என்று கேட்பார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். வாசல் ஆற்றைப் பார்த்து இருந்தவரை, விளக்கு வைத்த இடத்தில் யாரும் சாக்கடையைத் திறந்துவிடவில்லை. வாசலை அடைத்த பிறகுதான் குழாய் வந்தது. அந்தச் சுவரில் பாருங்கள், குழாயைச் செருகியிருப்பதே அடைத்த செங்கலைத் துளைத்துத்தான்.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் பூச்சு வேலை. மேல்கட்டையையும் மிச்சமிருக்கும் மாடத்தையும் விட்டுவிட்டுப் பூசும்படி வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறேன். கொத்தனாரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார்.