என் மனுவுக்குத் 'தீர்வு' கண்டுவிட்டார்களாம்

நேற்று காலை டீயும் கையுமாக இருக்கும்போது போனில் குறுஞ்செய்தி: உங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது. அப்பாடா, பட்டா வந்துவிட்டது என்று இணையத்தில் திறந்து பார்த்தால், மனு நில அளவருக்கு அனுப்பப்பட்ட விவரம் மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறதாம். இதுதான் தீர்வு! தபால்காரர் என் கடிதத்தைப் பக்கத்துத் தெரு பெட்டியில் போட்டுவிட்டு 'பட்டுவாடா ஆச்சு' என்று எழுதிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அப்பா இறந்தபின் பாகம் பிரித்த நிலம், உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டும், அவ்வளவுதான். முதல் மனு 'ஆவணம் தெளிவாக இல்லை' என்று தள்ளுபடி. ஸ்கேன் செய்தது இ-சேவை மையம், தண்டனை எனக்கு. இரண்டாவது மனுவுக்கு சர்வேயர் போனில், "முள்ளை வெட்டி வையுங்க, வியாழக்கிழமை வர்றேன்" என்றார். இரண்டு ஆளுக்குக் கூலி கொடுத்து வெட்டினேன். அவர் வரவில்லை. வெட்டிய சீமைக்கருவேலம் துளிர்த்து இப்போது இடுப்புயரம் நிற்கிறது, மனு மட்டும் அங்கேயே கிடக்கிறது. நேரில் போனால் முகாம், இல்லாவிட்டால் கோர்ட், இல்லாவிட்டால் மீட்டிங். நாற்காலியில் துண்டு மட்டும் தவறாமல் ஆஜர்.

ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி கேட்பது நிலுவை எத்தனை, முடித்தது எத்தனை என்ற எண்ணிக்கைதானே, எவன் நிலத்தில் கல் நட்டார்கள் என்று யார் கேட்கிறார்கள்? அப்புறம் ஏன் முடிக்க மாட்டார்கள், ஒரு நாளைக்கு நூறு மனுவைக்கூட முடிப்பார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே சேவை உத்தரவாதச் சட்டம் வந்துவிட்டது. கெடு தாண்டினால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000, தாமதித்த அதிகாரியின் கையிலிருந்து. கர்நாடகத்தில் சகாலா என்று இதே மாதிரி ஒரு சட்டம், நாளுக்கு வெறும் 20 ரூபாய்தான், 500-க்கு மேல் போகாது. சரி, டீ காசுதான், அங்கே மட்டும் எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நான் சொல்லவில்லை, ஆனால் தாமதத்துக்கு ஒரு ஆளின் பெயராவது பதிவாகிறதே! இங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால்தான் 30 நாளில் பதில் வருகிறது, அதில் நாளுக்கு 250 வீதம் 25,000 வரை அபராதம் இருக்கிறதல்லவா, அந்தப் பயம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மூன்றாவது மனு கொடுக்கப் போகிறேன். அதையும் சேர்த்தால் என் ஒரே துண்டு நிலத்தால் அவர்கள் கணக்கில் 3 தீர்வு.