பந்தி விசாரணை யாருடைய பொறுப்பு?

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியிலோ வேறொரு கல்லூரியிலோ பி.டி. என்னும் இறையியல் பட்டப்படிப்பை முடித்து, குருப்பட்டம் பெற்று, நெல்லைப் பகுதியின் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) சேகரம் ஒன்றுக்கு வரும் இளம் குருவானவர், பல இடங்களில் வந்த சில வாரங்களிலேயே பள்ளித் தாளாளராகவும் கட்டடக் கமிட்டியின் தலைவராகவும் ஆகிவிடுகிறார். அவருடைய ஜெப வாழ்க்கை போதாது என்று குறை சொல்கிறவர்கள் இந்த அமைப்பைக் கவனிப்பதில்லை. என் பார்வையில் இன்றைய சபைத் தலைமையின் முதன்மைச் சிக்கல் ஆவிக்குரியதன்று. பிரசங்க பீடம், பணப்பெட்டி, நாற்காலி ஆகிய மூன்றும் ஒரே மனிதரிடம் குவிந்திருப்பதுதான்.

சேகரம் என்பது ஓர் ஆலயம் மட்டுமன்று. தலைமை ஊரோடு சுற்றியுள்ள சிற்றூர்களின் சபைகளும் சேர்ந்ததே சேகரம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பண்டிகை, தனிக் கணக்கு, தனிக் கோபம் உண்டு. திருவிருந்து ஆராதனைக்காக ஊர் ஊராகச் செல்லும் ஐயர் (குருவானவரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்), அதே ஊர்களில் சபையார் செலுத்த வேண்டிய சந்தாவான சங்கக் காணிக்கையின் பாக்கியையும் கேட்டாக வேண்டும். ஒரு வீட்டில் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, ஆலயத்தில் வாசிக்க வேண்டுமென்றாலும், கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றாலும், முதலில் பாக்கிப் பேச்சுதான் எழுகிறது. தகப்பனை இழந்து நிற்கும் மகனைத் தேற்றப் போகிறவரே ரசீதுப் புத்தகத்துக்கும் பொறுப்பாளராக இருந்தால், அவர் சொல்லும் ஆறுதல் அந்த மகனின் காதில் எப்படி விழும்? குற்றம் அவரிடம் இல்லை, விதி அவரை அப்படி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பம் நினைவில் வைத்துக்கொள்வது விதியை அல்ல, அவர் முகத்தைத்தான்.

இடமாற்றம் இன்னொரு தொல்லை. குருவானவர் சில ஆண்டுகளில் போய்விடுவார். கமிட்டிக் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கேயே இருக்கும். முன்னவர் தொடங்கிய மண்டபம் பாதியில் நிற்க, பின்னவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இந்தச் சிக்கலை நேராகவே சந்திக்கிறது. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டார்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுத்தபோது, அப்போஸ்தலர் பந்தி விசாரணையை, அதாவது உணவுப் பங்கீட்டைக் கவனிக்கும் பொறுப்பை, தங்களிடமே வைத்துக்கொள்ளாமல், ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையிடமே சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பெரும்பாலும் குறை சொன்ன தரப்பாரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்றுதான் தோன்றுகிறது. நம் சேகரங்களில் கணக்குக் கேட்டவருக்குக் கிடைப்பது ‘எதிர்க்கட்சி’ என்ற பட்டம் (சில ஊர்களில் அது பேரப்பிள்ளை வரை தொடரும்). பொறுப்பைக் கொடுத்துப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

குருமாரல்லாத சபையார் கையில் பணத்தைக் கொடுத்தால் கோஷ்டி வளரும் என்று மூத்த குருமார் அஞ்சுவதை நான் அறிவேன். அச்சம் நியாயமானது, பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்துக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலில் நடப்பதைப் பார்த்தவர் எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனாலும் கோஷ்டிகள் இன்று பணம் குருவானவரிடம் இருக்கும்போதே வளர்கின்றன. அதிகாரமெல்லாம் ஒருவரிடம் இருப்பதால், அவரைத் தம் பக்கம் இழுத்தவர் வென்றவராகிறார். தாளாளர் பணியைக் கல்வித்துறை அனுபவமுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுத்து, அதே நபர் மீண்டும் தொடர முடியாதபடி விதி செய்தால் அந்தப் போட்டியின் வேகம் குறையும். சங்கக் காணிக்கைப் பாக்கி கேட்கும் வேலையும் ஐயரைவிட்டு விலக வேண்டும். சாவு வீட்டில் அந்தப் பேச்சே எழக் கூடாது. விதிகளைத் திருத்தத் திருமண்டலத்தின் பேரவையான பெருமன்றம் கூட வேண்டும் என்பார்கள். மாதக் கணக்கைத் தட்டச்சு செய்து ஆலயக் கதவில் ஒட்டுவதற்குப் பெருமன்றம் தேவையில்லை. அடுத்த மாதமே ஒரு சேகரக் கமிட்டி அதைச் செய்யலாம்.