சைபீரியக் கிணறு ஒன்றும் வீட்டுக் குழாய் இல்லை

கச்சா எண்ணெய் விலை பற்றிப் பேச்சு வந்தாலே "ரஷ்யா நினைத்தால் நாளைக்கே குழாயை மூடிவிடும்" என்று ஒருவர் எழுதுகிறார், நூறு பேர் லைக் போடுகிறார்கள். அந்தக் 'குழாய்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

ரஷ்ய எண்ணெயில் பாதிக்கு மேல் மேற்கு சைபீரியப் படுகையிலிருந்து வருவது. யூரல் மலைக்கும் யெனிசெய் ஆற்றுக்கும் நடுவே சுமார் 22 லட்சம் சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி சதுப்பு. அடியில் பஜெனோவ் என்ற கரிய களிப்பாறை, ஜுராசிக் காலக் கடைசியில் கடலடியில் படிந்தது. பல இடங்களில் 20 முதல் 40 மீட்டர் தடிமன்தான். அதில் வெந்து பிறந்த எண்ணெய் மேலேறி, ஜுராசிக்குக்கு அடுத்த காலமான கிரெட்டேசியஸின் மணற்கல்லில் தங்கியது. அப்படித் தங்கியதில் பெரியது சமத்லோர் என்ற எண்ணெய் வயல். 1965இல் கண்டுபிடித்தார்கள். 1980 வாக்கில் ஆண்டுக்கு 15 கோடி டன்னைத் தாண்டியது.

அந்த வேகத்தைக் கொடுத்தது தண்ணீர். வரிசை வரிசையாகக் கிணறு போட்டு, மணற்கல்லுக்குள் தண்ணீரை அழுத்தி எண்ணெயைத் தள்ளினார்கள். முறையில் தப்பில்லை, அவசரத்தில்தான் தப்பு. மணற்கல் அடுக்குக்கு அடுக்கு மாறும். துளை பெருத்த அடுக்கில் தண்ணீர் குறுக்கு வழி பிடித்து உற்பத்திக் கிணற்றுக்கு வந்துவிடும். இறுக்கமான அடுக்கில் எண்ணெய் கிடந்த இடத்திலேயே கிடக்கும். இன்று சமத்லோரில் 100 லிட்டர் மேலே வந்தால் 95 லிட்டருக்கு மேல் தண்ணீர்.

இதைத் தூக்குவது கிணற்றுக்குள் இறக்கிய மின்சார பம்ப். அடியில் மோட்டார், மேலே ஒரே ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், நூற்றுக்கணக்கில் இம்பெல்லர்கள் (திரவத்தை மேலே தள்ளும் சக்கரங்கள்). பம்ப் பக்கம் அழுத்தம் குறைந்து மோட்டார் சூடும் சேர்ந்தால், தண்ணீரில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு பிரியும், சுண்ணாம்பு இம்பெல்லரில் அப்பும். நம் வீட்டு கீசர் காயிலில் படிவதும் அதுதான். இடைவெளி அடைத்து, ஷாஃப்ட் இறுகி, ஆம்பியர் ஏறி, கடைசியில் கேபிள் கருகும்.

மேலே வந்த பிறகு இன்னொரு வில்லங்கம். ஓட்டம் மெதுவான பைப்பில் தண்ணீர் பிரிந்து அடியில் ஓடும். அதோடு உருளும் மணல், இரும்பின் மேல் தானாகப் படிந்த காப்புப் படலத்தைச் சுரண்டிவிடும். அந்த ஒரு கோடு மட்டும் அரித்து, பைப்பின் அடிவயிற்றில் கத்தியால் கீறின மாதிரி நீளமான பள்ளம் விழும். சுற்றிலும் பைப் புதுசு போலவே இருக்கும். இந்த அரிப்பில் சில பைப்புகள் ஓரிரு வருஷம்கூடத் தாங்காது.

இப்போது மைனஸ் 40 டிகிரியில் பம்ப்பை நிறுத்திப் பாருங்கள். எண்ணெய் கெட்டிப்பட்டால் சூடாக்கி இளக்கலாம். தண்ணீர் உறைந்தால் விரிந்து பைப்பையே பிளக்கும். அதனால் நிறுத்திய சில மணி நேரத்துக்குள் லைனை வடிக்க வேண்டும், இல்லையென்றால் உறையாமல் தடுக்கும் மெத்தனால் கலக்க வேண்டும். கிணற்றுக்குள்ளே, குழாயில் மிதந்த மணல் பம்ப்பின் தலையில் இறங்கி உட்காரும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிக்கிக்கொள்ளும். மேலே ஏறியதைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு ஒழுகி, திரவம் திரும்ப இறங்கும்போது ஷாஃப்ட் தலைகீழாகச் சுற்றும். அந்த நேரத்தில் சுவிட்ச் போட்டால் ஷாஃப்ட் முறியும்.

"2020இல் ரஷ்யர்கள் எண்ணெய் உற்பத்தியைக் குறைத்தார்களே?" என்று கேட்பீர்கள். குறைத்தார்கள், மே மாதத்தில். அது பனி உருகும் காலம். ஜனவரியில் அதே வேலையைச் செய்யச் சொன்னால், எந்தப் பொறியாளரும் முதலில் கேட்பது தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்றுதான்.